குளோரினுக்குக் கேட்காத இடம்

எங்கள் குடிநீர் நிலையத்துக்குள் யாரும் அழக் கூடாது. அழுகைச் சத்தம் கேட்டால் குளோரின் சிலிண்டரை விட்டு வெளியே வந்துவிடும்.

அதற்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. இரக்க குணம் அதிகம், அவ்வளவுதான். யாராவது அழுதால் அதற்குப் பொறுக்காது. வால்வை எவ்வளவு இறுக்கி மூடியிருந்தாலும் எப்படியோ கசிந்து, தரையோடு தரையாக வந்து, அழுகிறவரின் பக்கத்தில் உட்கார்ந்து மெல்லக் கட்டிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானது என்பதால் அதனால் நிற்க முடியாது. உட்காரத்தான் முடியும். அது கட்டிக்கொண்ட பிறகு யாரும் எழுந்ததில்லை. ஆற்றில் எங்களுக்குக் கீழே இருக்கும் ஒரு நிலையத்தில் இரண்டு பேர் அப்படிப் போனார்கள். முகத்தில் ஆறுதல் இருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஆகவே கேட்டில் காவலாளி கருப்பணன் உள்ளே வருகிற ஒவ்வொருவரின் கீழ் இமையையும் கட்டைவிரலால் இழுத்துப் பார்ப்பார். ஈரம் அதிகம் இருந்தால் வெளியே பெஞ்சில் உட்கார வைப்பார். குவார்ட்டர்ஸில் யாரும் வெங்காயம் அரியக் கூடாது. என்னோடு வேலை பார்த்த நாச்சிமுத்துவின் மனைவி தன் அம்மா வீட்டில் அரிந்து டிபன் பாக்ஸில் போட்டு எடுத்து வருவாள். தொலைக்காட்சியில் செய்தி பார்க்கலாம், சீரியல் பார்க்கக் கூடாது. மாறுதல் உத்தரவு வந்தால் அதைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தித்தான் கையில் கொடுப்பார்கள்.

மற்ற ஊர் நிலையங்களுக்கு வேறு பயம் இருக்கலாம். யாராவது சுவரேறிக் குதித்து எதையாவது கலந்துவிடுவார்களோ, வால்வைத் திருகிவிடுவார்களோ என்று. எங்கள் இடத்துக்கு வருகிறவன் கையில் எதுவும் இருக்க வேண்டியதில்லை. மனதில் ஒரு துக்கம் இருந்தால் போதும். கீழ்நிலையத்தில் நடந்ததும் அதுதான். ஒருவன் சுவரேறி வந்து, சிலிண்டர்கள் இருக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, செத்துப்போன தன் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருக்கிறான். வேலையில் இருந்தவர் நல்ல மனிதர். கடைசிவரை கேட்டார்.

அதற்குப் பிறகு வருடம்தோறும் தீயணைப்புத் துறையிலிருந்து ஓர் அதிகாரி வந்து எங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்.

"சுவத்து மேல ஒருத்தன் உட்காந்துட்டு, 'எங்கம்மா மட்டும் இருந்திருந்தா' அப்படின்னு ஆரம்பிக்கிறான். என்ன பண்ணுவீங்க?"

"காதப் பொத்திக்குவோமுங்க சார்."

"அப்புறம்?"

"கம்பத்துல தொங்கற காத்துப் பையைப் பாத்து, காத்து வர்ற பக்கமா ஓடுவோமுங்க."

"பாதிக் கதையில ஓட மனசு வருமா?"

நாச்சிமுத்து கையைத் தூக்கினான். "மிச்சத்தை வெளிய வந்து கேட்டுக்கறமுங்க சார்."

ஒரு வருடம் ஒத்திகைக்காக நாடகக்காரர் ஒருவரைக் கூட்டி வந்து கொட்டகை முன்னால் அழச் சொன்னார்கள். மாரில் அடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். சிலிண்டர் அசையவில்லை. அவருக்கு அது மிகவும் வருத்தமாகிவிட்டது. வருத்தம் முற்றுவதற்குள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் கேட்டுக்கு வெளியே விட்டோம்.

என் மனைவி பாவாத்தாள் கல்யாணமாகி வந்த அன்றே இந்த விதிகளையெல்லாம் கேட்டுக்கொண்டாள். "அழுகாம இருக்கறது என்ன பெரிய வேலைங்களா? எங்கூட்டுலயும் அழுகறதுக்கு ஆருக்கும் நேரமிருந்ததில்லீங்க" என்றாள்.

எங்களுக்கு ஒரு பையன் பிறந்து சில நாளிலேயே பெரியாஸ்பத்திரியில் தவறிப்போனான். அவள் அங்கேயே சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து அழுதாள். பஸ்ஸில் வரும்போதே துடைத்துக்கொண்டாள். கேட்டில் கருப்பணன் இமையை இழுத்துப் பார்த்தார். உலர்ந்திருந்தது. உள்ளே விட்டார். அதற்குப் பிறகு அவள் அழுது நான் பார்த்ததில்லை. வேறு குழந்தையும் பிறக்கவில்லை. அண்ணிக்கு மனசு கெட்டி என்று நாச்சிமுத்து சொல்வான். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன மாசியில் பாவாத்தாள் இறந்தாள். பம்பு ரூமுக்குப் பின்னால்தான் எங்கள் துணிக்கொடி. மத்தியானம் புடவையை உதறிக் கொடியில் போட்டவள், அப்படியே அதன் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். நான் போனபோது தூங்குவது போலத்தான் இருந்தாள்.

நிலையத்துக்குள் சாவு விழுந்தால் செய்ய வேண்டியதை எல்லோரும் அறிவார்கள். மேற்குக் கேட்டைத் திறந்து, யாரும் பேசாமல், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே தூக்கி வந்தோம். சாலையில் கொஞ்ச தூரத்தில் சுண்ணாம்பு அடித்த கல் ஒன்று நட்டிருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் அழலாம். உறவுக்காரர்கள் எல்லாரும் அங்கே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்கள். கல்லைத் தாண்டியதும் அவள் தங்கை ஆரம்பித்தாள். பிறகு ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அது ஓய்ந்ததும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நானும் காத்திருந்தேன். எனக்கு வரவில்லை.

கருமாதி முடிந்து நான் திரும்பியபோது கேட்டில் ரெஜினா மேடம் நின்றுகொண்டிருந்தார். அவர்தான் எங்கள் உதவிப் பொறியாளர். கையில் கண்ணாடிக் குப்பி வைத்திருந்தார். தெருக்குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் குப்பிதான் அது. இரண்டு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாகும். துக்கப்பட்டு அழுத கண்ணீரிலும் மஞ்சளாகும். அழுது முடித்தவர்களுக்கு மஞ்சளைப் பார்த்து ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதைக் காட்டி உள்ளே போகலாம்.

"அழுதீங்களா அண்ணா?"

"இல்லீங்க மேடம்."

"கொஞ்சம்கூடவா?"

"வர்லீங்க."

மேடம் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்போ மொத்தமும் உள்ளேதான் இருக்கு. நான் எப்படிண்ணா உங்களை விடுவேன்? அழுது முடிச்சவங்களை விட்டுடலாம். நீங்க நெறஞ்ச தொட்டி."

அவர் சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் விட்டிருக்க மாட்டேன்.

கேட்டுக்கு எதிரே, கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். அதன் ஜன்னலில் இருந்து பார்த்தால் சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு ரூமும், கொடியில் அவளுடைய நீலப் புடவையும் தெரிந்தன. அதை யாரும் எடுக்கவில்லை. என் வீடு உள்ளே இருந்தது. அவள் தினமும் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே சாய்ந்து உட்காரும் சுவரில், தலை பட்ட இடத்தில் எண்ணெய்க் கறை உண்டு. அதைப் பார்த்தால் எனக்கு அழுகை வந்துவிடும் என்று தோன்றியது. ஆனால் அழுதால்தான் அதைப் பார்க்கப் போக முடியும்.

பங்குனி முடிவதற்குள் நான் உள்ளே வராவிட்டால் குவார்ட்டர்ஸை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கொடுப்பதற்கு முன் வெள்ளையடிப்பார்கள். எனக்கு அது ஒன்றுதான் கவலை. கறை போய்விடும்.

நாச்சிமுத்து தினமும் ஷிப்ட் முடிந்து என் அறைக்கு வந்தான். முதலில் வெங்காய மண்டிக்குக் கூட்டிக்கொண்டு போனான். இருவரும் உட்கார்ந்து உரித்தும் அரிந்தும் பார்த்தோம். தாரை தாரையாக வழிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து மேடத்திடம் கொடுத்தோம். மருந்து விட்டார். குப்பி வெறும் தண்ணீர் போலவே இருந்தது.

"இது வெங்காயம்ணா" என்றார் மேடம்.

பிறகு அவன் என்னைச் சாவு வீடுகளுக்கு அழைத்துப் போனான். "வாங்ணா, வடக்கால தெருவுல ஒரு எழவு. நல்ல எழவுங்ணா. சின்ன வயசு, ரெண்டு புள்ளைங்க" என்பான். போய் ஓரமாக உட்காருவேன். எல்லோரும் அழுவார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் வந்தது. ஒரு வீட்டில் என்னைத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, கல் போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இவருக்குத்தான் மெய்யான துக்கம்" என்று டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

கடைசியாக ஒரு நாள் நாச்சிமுத்து கொடியில் இருந்த புடவையை எடுத்து வந்தான். வெயிலில் வெளுத்து மொடமொடவென்று இருந்தது. முகத்தருகே வைத்துப் பார்த்தேன். வெயில் வாசம்தான் அடித்தது. நான் அதை மடிக்க ஆரம்பித்தேன். ஒரு முனையை அவன் பிடித்திருந்தான். பாதி மடிப்பில் அவன் முனையை விட்டுவிட்டான்.

"ராத்திரி ஷிப்டுக்குப் போறப்ப எனக்கும் சேத்துத் தூக்குப்போசியில சோறு போட்டுக் குடுக்குமுங்ணா அண்ணி. ஒரு நாளும் கேட்டு வாங்குனதில்லீங்ணா."

அவன் மாடிப்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். முதலில் கருப்பணன் அவனை உள்ளே விடவில்லை. மேடம் வந்து குப்பியில் பார்த்தார். நல்ல மஞ்சள். சீட்டுக் கொடுத்தார். "உங்களுக்கு வர வேண்டியது எனக்கு வந்துருச்சுங்ணா" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அந்த வாரத்தில்தான் ஊர்க்காரர்கள் குடத்தோடு கேட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். டீக்கடை மாடியில் இருந்து எல்லாம் கேட்டது.

"தண்ணி ஒரே மருந்து வாடை மேடம். வாயில வெக்க முடியல."

"எப்பவும் விடற அளவுதான்மா விடறோம்."

"எப்பவும் விட்டதே விட்டா எப்பவும் மாதிரி இருக்கோணுமில்ல?"

மெஸ் நடத்தும் ஓர் அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "மருந்து வாடைய விடுங்க. ரசம் வெச்சா உப்புப் பத்தறதில்ல. அதே கை, அதே உப்பு. இந்தத் தண்ணியில என்னமோ கொறையுது. என்னத்தை எடுத்தீங்க?"

மேடம் எதையும் எடுக்கவில்லை. ஊரின் கடைசித் தெருக்குழாய்வரை போய்த் தண்ணீர் பிடித்து மருந்து விட்டுப் பார்த்தார். அங்கே வெளிர்மஞ்சள் காட்டினால் போதும். இப்போது மஞ்சள் கரைத்தது போல இருந்தது. அவர் கெட்டிக்காரர். சாலையோரத்திலேயே நின்று யோசித்திருக்கிறார். குளோரின் தண்ணீரில் எதையாவது கண்டால் அதைத் தின்று தானும் குறையும். இத்தனை வருடமும் நாங்கள் விட்ட அளவில் ஒரு பங்கை ஏதோ ஒன்று தின்றுகொண்டிருந்தது. இப்போது அது இல்லை. அப்படியானால் யாரோ பல வருடங்களாகத் தொட்டியில் எதையோ கலந்து வந்திருக்கிறார்கள், இப்போது நிறுத்திவிட்டார்கள்.

மேடமும் கருப்பணனும் நிலையம் முழுக்கச் சுற்றிப் பார்த்தார்கள். சுத்தமான தண்ணீர் ஊருக்குப் போகும் முன் நிலத்துக்கடியில் ஒரு பெரிய தொட்டியில் நிற்கும். சம்பு என்போம். அதற்குள் இறங்க பம்பு ரூமுக்குப் பின்னால் ஓர் இரும்பு மூடி உண்டு. பூட்டு பார்க்கப் பூட்டியது போல இருந்தது, இழுத்தால் வந்தது. மூடிக்கு முன்னால் சிமெண்ட் தரையில் அருகருகே இரண்டு பள்ளங்கள் தேய்ந்திருந்தன. மூடியைத் தூக்கினால், வாயின் உள்விளிம்பில் எண்ணெய்க் கறையும் கொஞ்சம் குங்குமமும் இருந்தன.

மேடம் மண்டியிட்டுத் தலையை உள்ளே விட்டுத் தன் பெயரை உரக்கச் சொல்லிப் பார்த்தாராம். பக்கத்தில் நின்ற கருப்பணனுக்கு எதுவும் கேட்கவில்லை. குரல் தண்ணீரோடு போய்விடுகிறது. நிலையத்தில் அந்த ஓர் இடத்தில் அழுதால் மட்டும் குளோரினுக்குக் கேட்காது.

அன்று மாலை மேடம் மாடியேறி என் அறைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணா, மத்தியானத்துல அக்கா எங்கே இருப்பாங்க?"

"ஊட்டுலதானுங்க. நான் ஷிப்டுல இருப்பேன். துணி காயப் போடுவா."

"தினமுமா?"

"தினமும்தானுங்க."

"ரெண்டே பேருக்கு தினமும் அவ்வளவு துணி இருக்குமா அண்ணா?"

நான் அதை யோசித்ததில்லை. கொடி எப்போதும் நிறைந்திருந்தது. உலர்ந்ததையே மறுபடி நனைத்துப் போட்டிருக்கிறாள்.

மேடம் பார்த்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனார். நான் ஜன்னலருகே இருந்தேன். நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்ததும் ஒரு சொம்பு நிறையக் குடிப்பது என் வழக்கம். எந்த ஊருக்குப் போனாலும் நம்ம தண்ணி ருசி வராது என்று அவளிடமே சொல்வேன். "அப்படீங்களா" என்று சொம்பை வாங்கிக்கொள்வாள்.

குளோரின் அளவைக் குறைத்துக்கொள்ளலாமா என்று மேடம் மேலிடத்துக்குக் கேட்டு எழுதினார். அளவு அரசாணையில் உள்ளது, அதை மாற்ற இயலாது, குறைந்துபோன பொருளை ஈடு செய்யவும் என்று பதில் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. பாவாத்தாள் விடுப்பே எடுக்காமல் இத்தனை வருடம் நிலையத்தில் வேலை செய்திருப்பது தெரிய வந்துள்ளது. ஆகவே அவள் பணியில் இருக்கும்போது இறந்த ஊழியர். வாரிசுக்குக் கருணை அடிப்படையில் அதே வேலை தரப்படும். ஒரே ஆளுக்கு இரண்டு வேலை கிடையாது என்பதால் வாரிசு தன் பழைய வேலையை விட்டுவிட வேண்டும்.

வாரிசு நான் ஒருவன்தான். மேடம் உத்தரவையும் வீட்டுச் சாவியையும் சாலையில் நட்ட கல்லுக்கு அந்தப் பக்கம் வைத்துக் கொடுத்தார்.

"எனக்கு வரவே மாட்டீங்குதுங்களே மேடம். ஒப்புக்கொண்டுட்டு வேலையச் செய்யாம இருக்க முடியுங்களா?"

"வரலேன்னாலும் தலையை உள்ளே விட்டுட்டு இருங்கண்ணா. நேரத்துக்கு வந்தா வருகைப் பதிவு உண்டு."

மறுநாள் மத்தியானம் கேட்டில் கருப்பணன் வழக்கம் போல இமையை இழுத்துப் பார்த்தார். "சுண்ணாம்புக் காளவாய் மாதிரி இருக்குதப்பா. இதை வெச்சுக்கிட்டு நீ என்ன வேலை பாக்கப் போற?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "அவளையும் இப்படித்தான் தெனமும் பாத்தேன் சின்னியப்பா. கடைக்குப் போயிட்டு வாறப்பவெல்லாம் பாத்தேன். ஒரு துளி ஈரம் இருக்காது" என்றார். சொல்லிவிட்டுக் கதவைத் திறந்தார்.

வீட்டுக்கு முதலில் போகவில்லை. வேலை நேரமாகிவிட்டது. பம்பு ரூமுக்குப் பின்னால் போய், மூடியைத் தூக்கி வைத்துவிட்டு மண்டியிட்டேன். அவள் பள்ளங்கள் எனக்கு மிக நெருக்கமாக இருந்தன. முழங்கால்களை ஒடுக்கிக்கொண்டு அதிலேயே வைத்தேன். தலையை உள்ளே விட்டேன். இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. கீழே தண்ணீர் அசையாமல் நின்றது.

என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவள் என்ன சொல்லி ஆரம்பித்திருப்பாள் என்று யோசித்தேன். பையனுக்கு நாங்கள் பெயர் வைத்திருக்கவில்லை. வைப்பதற்கு நாள் இருக்கவில்லை. ஆனால் அவள் மனதில் ஒன்று இருந்திருக்கும். இங்கே தினமும் வந்து அதைச் சொல்லிக் கூப்பிட்டிருப்பாள். அது என்ன பெயர் என்று அவளிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டுக்கொள்ளலாம், சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதுதான் வந்தது. முதலில் மூக்குநுனியில் இருந்து ஒரு சொட்டு விழுந்தது. அது தண்ணீரைத் தொடும் சத்தம் மெதுவாக மேலே வந்தது. பிறகு நான் நிறுத்த முயலவில்லை. என் குரல் தண்ணீரோடு போய்க்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து மூச்சு வாங்கத் தலையை வெளியே எடுத்தேன். கொட்டகையில் இருந்து புல்லின் மேல் குளோரின் வந்துகொண்டிருந்தது. நான் அழுதது அதற்குக் கேட்டிருக்க வழியில்லை. காற்றும் இல்லை, கம்பத்தில் காற்றுப் பை தொங்கிக் கிடந்தது. வெளிறிய மஞ்சளும் பச்சையுமாக, தரையோடு தரையாக, என்னைப் பார்க்காமல், வழி தெரிந்தது போல வந்தது. என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. மூடியின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தது. இத்தனை வருடமும் தண்ணீருக்குள் அவள் கண்ணீரைத் தின்று கரைத்தது அதுதான். தலையைக் குனிந்து தொட்டிக்குள் விட்டு, பாவாத்தாளின் பெயரைச் சொல்லி அழ ஆரம்பித்தது.

தொட்டியின் வாய் சிறியது. இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. நான் கொஞ்சம் நகர்ந்துகொண்டேன்.